தூளி

காவிரி பாயும் சோழ வளநாட்டில் ஆனியும் ஆடியும் குறுவை நடவுக்குரிய திங்கள்கள் ஆகும். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதன்பின், அணையில் போதிய நீர் உள்ள ஆண்டுகளில், குறுவைப் பயிருக்குச் சூன் 12ஆம் நாள் நீர் திறந்துவிடுதல் மரபாயிற்று. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி என்றும் வெண்ணாறு என்றும் கல்லணைக் கால்வாய் என்றும் பிரிந்து, ஆறுகளினின்று வாய்க்கால்களுக்கும் வாய்க்கால்களினின்று வயல்களுக்கும் பாயும். நீர் பாய்ந்த வயலை உழுது சேறாக்கிப் பரம்படித்துச் சமன் செய்வர். பின்னர்ப் பெண்கள் வரிசையாக நின்று, குனிந்து, நாற்று முடிகளைப் பிரித்து நடுவர்.

அவ்வேளையில் வரப்பின் ஓரத்தே நிற்கும் பூவரச மரத்தின் கிளையில் பழஞ்சேலை ஒன்று தொங்கும். வழிப்போக்கன் அதனை உலர்த்தப் போட்ட சேலை என்று கருதுவான். அருகிற் சென்று நோக்கினால் அதனுள் ஒரு பச்சிளங்குழவி கண்வளர்வதைக் காண்பான். அதுவே தூளி. தாயின் கைகள் சேற்றில் இருக்கும். கண்கள் நாற்றில் இருக்கும். கருத்தோ தூளியில் இருக்கும். சேலை சிறிது அசையுமாயின் அவள் நிமிர்ந்து நோக்குவாள். நடவு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்ட இந்நாளில் இக்காட்சி அருகிவிட்டது. ஆயினும் முற்றும் மறைந்துவிடவில்லை.

தூளி என்னும் சொல்லுக்குப் புழுதி என்னும் பொருளும் உண்டு. ஈண்டு அப்பொருள் கொள்ளற்க. துணியாலாகிய தொங்குதொட்டிலே இங்குத் தூளி எனப்படும். இதனை ஏணை என்றும் வழங்குவர். அச்சொல் ஈழத் தமிழரிடையே இன்றும் வழக்கில் உளது. பழந்தமிழில் தூங்குதல் என்னும் சொல் தொங்குதலையும் அசைந்தாடுதலையும் குறித்தது. வானில் தொங்கிய மதிலை அழித்தான் என்று புகழப்பெறும் சோழ மன்னனைத் தூங்கெயில் எறிந்தவன் என்பர். எயில் என்பது மதில்; தூங்கெயில் என்பது தொங்கும் மதில். அதே சொல் உறங்குதலையும் குறிக்கும். தொங்குதல், அசைதல், உறங்குதல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லால் உணர்த்திய தமிழர்க்கு இம்மூன்றும் ஒருங்கே நிகழும் தூளி பழகிய பொருளே ஆகும்.

தொட்டிலும் தாலாட்டும் இலக்கியத்தில் நீங்கா இடம் பெற்றுள்ளன. பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாகப் பாவித்துத் தாலாட்டுப் பாடினார். பிள்ளைத்தமிழ் நூல்களில் மூன்றாவதாக அமைவது தாலப் பருவம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர், சோழநாட்டுப் புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளிய முத்துக்குமாரசாமியின்மீது ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். அவ்வூர் இக்காலத்தில் வைத்தீசுவரன்கோயில் என வழங்குகின்றது. புலவர்கள் பொன்னும் மணியும் இழைத்த தொட்டில்களைப் பாடினர். உழவர் மகளிர் பழஞ்சேலையைக் கட்டித் தாமே பாடிக் குழந்தையை உறங்க வைத்தனர்.

தூளி குழந்தைக்கு மட்டும் உரியதன்று. இரண்டு மரங்களுக்கு இடையே நீளவாக்கிற் கட்டினால் வளர்ந்தோரும் அதிற் படுத்து இளைப்பாறலாம். காட்டிலும் ஆற்றங்கரையிலும் தங்குவோர்க்கும், பாசறை அமைக்கும் சாரணர்க்கும் அது நல்ல படுக்கை. ஈரத் தரையின் குளிர் உடலைத் தாக்காது. சுருட்டினால் தோட்பையில் அடங்கிவிடும். கடையில் வாங்க வேண்டுவது கயிறு ஒன்றே. துணி வீட்டிலேயே கிடைக்கும். ஆயினும், செலவு குறைந்த பொருள் என்பதனால் கவனமும் குறைந்துவிடல் ஆகாது.

திருவையாற்றை அடுத்த காவிரிக் கரையில், ஒரு மாந்தோப்பில், அண்ணனும் தம்பியுமாகிய மாணவர் இருவர் இத்தகைய தூளி ஒன்றைக் கட்ட முனைந்தனர் என்று கொள்வோம்.

தம்பி வீட்டிலிருந்து பாட்டியின் பருத்திச் சேலையைக் கொணர்ந்தான். அண்ணன் அதனைக் கதிரவன் ஒளிக்கு எதிரே விரித்துப் பிடித்தான். இடுப்பிற் செருகும் இடத்தில் இழைகள் நைந்து, சல்லடைபோல் ஒளி ஊடுருவிற்று. அவ்விடத்தை இரு கைகளாலும் பற்றி இழுத்தான். துணி உடனே கிழிந்தது. "இது விளக்குத் துடைக்க உதவும், ஆளைத் தாங்க உதவாது" என்று அதனை ஒதுக்கினான். பின்னர்ப் பழையதாயினும் இழை நையாத வேறொரு பருத்திச் சேலையைக் கொணர்ந்தனர். அதன் நீளம் 5.5 மீட்டர், அகலம் ஏறத்தாழ 1.15 மீட்டர். நீளத்தை இரண்டாக மடித்தபோது 2.75 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் துணி கிடைத்தது.

துணியின் ஒவ்வொரு நுனியையும் கொசுவம்போல் மடித்து ஒன்றுசேர்த்தனர். கொசுவிய நுனியை ஒரு சாண் அளவு திருப்பி மடித்து, அவ்வாறு மடிந்த கழுத்தைக் கயிற்றால் பன்முறை சுற்றி இறுக்கினர். நுனி நேராக இருப்பின் சுமை ஏறும்போது துணி மெல்ல மெல்ல நழுவி முடிச்சைவிட்டு வெளியேறும். கொக்கிபோல் மடிந்திருப்பின் அம்மடிப்பு முடிச்சில் மாட்டிக்கொள்ளும், நழுவாது. செயற்கை இழைச் சேலை வழுவழுப்பானது ஆதலால் அதில் முடிச்சு எளிதில் நெகிழும். பருத்தி முடிச்சைப் பற்றிக்கொள்ளும்.

கயிறு தென்னை நாரால் ஆயது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் தென்னைக்குப் பெயர் பெற்றவை. மட்டையை நீரில் ஊறவைத்துத் தட்டி நாரைப் பிரித்தெடுப்பர். நாரைத் திரித்துப் பிரியாக்குங்கால் ஒரு புறமாக முறுக்குவர். பிரிகளைச் சேர்த்துக் கயிறாக்குங்கால் மறுபுறமாக முறுக்குவர். ஆதலால் பிரி அவிழ முயலும்போது கயிறு இறுகும். கயிறு அவிழ முயலும்போது பிரி இறுகும். ஒன்றையொன்று அவிழவிடாமற் காக்கும் இவ்வமைப்பே கயிற்றின் வலிமைக்குக் காரணம். கதிர்க்கட்டைக் கட்டும் வைக்கோற்புரியும் முறுக்கினால் ஆயதே. ஆயினும் அது கதிரைத் தாங்குமேயன்றி ஆளைத் தாங்காது.

இனி, மரத்தைத் தேர்தல் வேண்டும். தம்பி அருகில் நின்ற முருங்கையைக் காட்டினான். முருங்கை விரைவில் வளரும். அதன் கிளை விரைவில் முறியும். அண்ணன் அதனை மறுத்தான். தம்பி அடுத்து நின்ற தென்னைகளைக் காட்டினான். அவை தூண்போல் உறுதியானவை. ஆனால் அண்ணன் நிமிர்ந்து குலைகளை நோக்கினான். முற்றிய நெற்று எப்பொழுது விழும் என்று எவர் அறிவார்? இறுதியில் நான்கு மீட்டர் இடைவெளியில் நின்ற இரண்டு மாமரங்களைத் தேர்ந்தனர். பட்டை தேயாமலும் கயிறு அறுபடாமலும் இருக்கச் சாக்குத் துண்டுகளை அடிமரத்திற் சுற்றி, அவற்றின்மேல் கயிற்றைக் கட்டினர்.

தூளி பார்வைக்கு அழகாக இருத்தல் வேண்டும் என்று தம்பி விரும்பினான். துணி உலர்த்தும் கொடிபோல் அதனை விறைப்பாக இழுத்துக் கட்டினான். கட்டியவுடன் அதில் ஏற முற்பட்டான். அண்ணன் அவன் தோளைப் பற்றி நிறுத்தி, "முதலில் மணல் படுக்கட்டும், பிறகு நீ படுக்கலாம்" என்றான். தம்பியின் எடை 40 கிலோ. அவ்வெடைக்கு ஈடாகச் சாக்கில் ஆற்றுமணலை நிரப்பி, இருவரும் தூக்கித் தூளியில் வைத்தனர். கயிறு முனகிற்று. சிறிது நேரத்திற்குள் படீரென்று அறுந்தது. சாக்கு தரையில் மோதி வாய் பிளந்தது, மணல் சிதறிற்று. தம்பி ஒன்றும் பேசாமல் மணல் சிதறிய இடத்தையே நோக்கி நின்றான்.

நடவு முடித்துக் கரையேறி வந்த மூதாட்டி ஒருத்தி இதனைக் கண்டாள். அறுந்த கயிற்றை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தாள்.

"தம்பி, கயிற்றின்மேல் குற்றம் இல்லை. நீங்கள் விறைப்பாகக் கட்டியதே குற்றம். தொய்யவிட்டுக் கட்டுங்கள்" என்றாள்.

"தொய்வாகக் கட்டினால் தாங்குமா, அம்மா?" என்று தம்பி வினவினான்.

"தொய்வாகக் கட்டினால்தான் தாங்கும். என் பிள்ளைகள் ஐவரும் வரப்போரத்துத் தூளியில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு நாளும் குழந்தையைக் கிடத்துமுன் என் உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்ப்பேன். மும்முறை உலுக்குவேன். என்னைத் தாங்கிய தூளி என் குழந்தையைத் தாங்கும். நேற்றுத் தாங்கியது என்று இன்று நான் நம்பியதில்லை" என்றாள்.

பிள்ளைகள் அவள் சொல்லியவாறே செய்தனர். புதிய கயிற்றை இரட்டித்து, நன்றாகத் தொய்யவிட்டுக் கட்டினர். மணற்சாக்கை மீண்டும் ஏற்றி அரைமணி நேரம் விட்டுவைத்தனர். முடிச்சுகள் இறுகின, கயிறு நீண்டது, தூளி ஒரு சாண் தாழ்ந்தது. சாக்கை இறக்கி, தாழ்ந்த அளவுக்குக் கயிற்றை உயர்த்திக் கட்டினர். அதன்பின் அண்ணன் இரு கைகளாலும் துணியைப் பற்றித் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தான். எல்லாம் உறுதியாக இருக்கக் கண்ட பின்னரே தம்பி அதன் நடுவில் மெல்ல அமர்ந்தான். அமருமிடம் தரையினின்று முழங்கால் உயரத்திற்கு மேற்படவில்லை; கீழே கல்லோ வேரோ இல்லை.

தம்பி முதலில் நீளவாக்கிற் படுத்தான். முதுகு வில்போல் வளைந்தது, கழுத்து நொந்தது. சிறிது புரண்டு, தலை ஒரு மூலையிலும் கால் எதிர்மூலையிலுமாகச் சாய்வாகப் படுத்தான். துணி விரிந்து கொடுத்தது, முதுகு நிமிர்ந்தது. மாலைப்பொழுதில் வேறொரு குறையும் தோன்றிற்று. கொசுக்கள் கீழிருந்து துணியின் வழியே கடித்தன. அண்ணன் போர்வை ஒன்றை மடித்துத் தூளியின் உள்ளே விரித்தான். கொசுவின் தொல்லையும் அடியிலிருந்து வீசிய ஆற்றுக் காற்றின் குளிரும் ஒருங்கே குறைந்தன.

மூதாட்டியின் சொல் கணக்கிற்கும் பொருந்துவதாகும். ஒரு சுமையை இரண்டு கயிறுகள் நேர்செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றும் பாதிச் சுமையையே தாங்கும். கயிறுகள் சாயச் சாய அவற்றின் இழுவிசை மிகும். கிடைமட்டத்தினின்று 30 பாகை சாய்வில் கட்டினால், 40 கிலோ எடைக்கு ஒவ்வொரு கயிற்றிலும் 40 கிலோ அளவு இழுவை ஏற்படும். 10 பாகையாயின் அது 115 கிலோ அளவாகும். 5 பாகையாயின் ஏறத்தாழ 230 கிலோ அளவாகும். முற்றும் விறைப்பாக, சிறிதும் தாழாமற் கட்ட எண்ணுபவன் கயிற்றை அறுக்க எண்ணுபவனே ஆவான். மேலும், சுமையைத் திடீரென்று ஏற்றினால் கயிறு ஒருகணம் இருமடங்கு பாரத்தை ஏற்கும். குதித்து ஏறினால் அதனினும் மிகும். மெல்ல அமர்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

30 பாகையை அளக்கக் கருவி வேண்டுவதில்லை. கயிறு மரத்தினின்று குறுக்கே ஏழு சாண் செல்லுமிடத்து நான்கு சாண் தாழ்ந்திருந்தால் அச்சாய்வு ஏறத்தாழ 30 பாகை ஆகும். இக்கணக்கை அறியாத தாய்மாரும் இதன் பயனை அறிந்திருந்தனர். அவர்கள் குழந்தைக்குக் கட்டும் தூளி ஒரே கிளையினின்று நேராகத் தொங்குவது. அதில் கயிற்றின் இழுவை சுமையின் அளவுக்கு மேற்படுவதில்லை.

தொங்கும் படுக்கையை அமைத்தவர் தமிழர் மட்டும் அல்லர். 1492ஆம் ஆண்டில் கொலம்பசு மேலைக் கடலைக் கடந்து கரீபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் பருத்தி நூலாற் பின்னிய தொங்குபடுக்கைகளில் உறங்குவதைக் கண்டார். அவர்கள் அதனை ஹமாக்கா என்றனர். அச்சொல் ஸ்பானிய மொழி வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பரவிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களிலும் அப்படுக்கை இடம்பெற்றது. கப்பல் இருபுறமும் சாயும்போது கட்டிலிற் கிடப்பவன் உருண்டு விழுவான்; தொங்குபடுக்கையோ தன் பாரத்தால் நேராகவே தொங்கும். பிற்காலத்து ஆங்கிலப் போர்க்கப்பல்களில் மாலுமி ஒருவனுக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலமே. போர் நேருங்கால் அப்படுக்கைகளைச் சுருட்டிக் கப்பலின் மேல்தள விளிம்புகளில் அடுக்கி, எதிரியின் குண்டுகளுக்குத் தடையாக்கினர்.

தமிழர் கடல் கடந்தபோது தூளியும் உடன் சென்றது. நாகப்பட்டினத் துறையிற் கப்பலேறி மலாயா நாட்டுத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பலர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளை மடுவம் எனப்பட்டது. அங்கு வரிசையாகத் துணித்தூளிகள் தொங்கின. வயல் மாறினும் நாடு மாறினும் உழைக்கும் தாய்க்குத் துணைநின்றது இப்பழந்துணியே.

இத்துணையும் கூறியபின் ஒன்றைக் கூறாது விடுதல் தவறாகும். உறங்க வைக்கும் தூளி உயிரைக் கவர்ந்ததும் உண்டு. வீட்டிற் கட்டிய சேலைத் தூளியைப் பெரிய பிள்ளைகள் ஊஞ்சலாக்கிச் சுழன்று விளையாடும்போது, துணி முறுக்கேறிக் கழுத்தைச் சுற்றி இறுக்க, அவர்கள் உயிர் நீத்த நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டிற் பன்முறை நேர்ந்துள்ளன. கயிறு அறுந்தால் ஓசை கேட்கும். கழுத்து இறுகினால் ஓசை கேளாது. அடுத்த அறையில் இருப்பவரும் அறியார். ஆதலால் தூளியில் சுழன்று விளையாடுதல் எஞ்ஞான்றும் கூடாது. குழந்தை உறங்காத வேளையில் தூளியை அவிழ்த்துவிடுதலோ, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுதலோ நன்று. குழந்தை கிடக்கும் தூளியில் துணி முகத்தின்மேல் கவியாதவாறு இடையே தொட்டிற் கம்பு செருகுதல் வேண்டும். பெரியவர் ஒருவர் கண்காணித்தலும் வேண்டும். கைக்குழந்தை நெடுநேரம் உறங்குதற்குச் சமதளமான உறுதியான படுக்கையே ஏற்றது என்பது இக்கால மருத்துவர் கருத்து.

தூளிக்கு விலை மதிப்பு இல்லை. அதன் துணி கழித்த துணி. அதன் கயிறு மட்டையின் நார். ஆயினும் அதில் கிடத்தப்படுவது விலையிட இயலாத உயிர். இதனை அறிந்தே நடவு வயலின் தாய், நேற்றுத் தாங்கிய தூளியையும் இன்று மீண்டும் சோதித்தாள். தன் பாரத்தை அதன்மேல் சாய்த்துப் பார்த்து, அதன்பின்னரே தன் செல்வத்தை அதனிடம் ஒப்படைத்தாள். எளிய பொருள்களைக் கொண்டு வாழ்ந்த நம் முன்னோர் கவனத்தில் எளியராக இருந்திலர். பிறர் உயிரைத் தாங்கவேண்டிய எதனையும் செய்வோர், முதலில் தம் பாரத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தல் கடமையாகும்.

பயிற்சி

1. தூங்குதல் என்னும் சொல் குறிக்கும் பொருள்கள் யாவை?

2. அண்ணன் முருங்கையையும் தென்னையையும் விலக்கியது ஏன்?

3. தூளியின் துணி நுனியை மடித்துக் கட்டுவதன் பயன் யாது?

4. "தொய்வாகக் கட்டினால்தான் தாங்கும்" என்னும் மூதாட்டியின் கூற்றைக் கணக்கால் நிறுவுக.

5. தூளியால் நேரக்கூடிய தீங்குகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் எழுதுக.